நித்திரை வராத இரவுகள்

மலையில் “தூக்கம் புடிக்கலீங்க” என்பார்கள். வன்னியில் “நித்திரை வருகுதில்லை” என்பார்கள். சங்கதி ஒன்றுதான். 1977, 1983 கலவரங்களின் பின் தோட்டங்களை விட்டுப் போய் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் குடியேறிய எமது உறவுக்காரர் வீடுகளிலும், இங்கே லயத்துக் காம்பராக்களிலும் இந்தக் குறையை நாம் அடிக்கடி கேட்கிறோம். பாமசியில் ஒரு குளிசை வாங்கிப் போட்டால் சரி என்று பலர் நினைக்கிறார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறோம்.

முதலில் நாம் எடுக்கும் கொழுந்தைப் பற்றியே சொல்ல வேண்டும். விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது சேரச்சேரத்தான் கண் சொக்குகிறது. தேயிலையில் உள்ள கஃபீன், அந்த அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. உடம்பு களைத்தாலும் மூளைக்குத் தெரிவதில்லை. குடித்த கஃபீனில் பாதி கழியவே சுமார் 5 மணித்தியாலம் பிடிக்கும். பின்னேரம் 6 மணிக்குக் கடும் சாயமாக ஒரு தேத்தண்ணி குடித்தவருக்கு இரவு 11 மணிக்கும் அதில் பாதி உள்ளே நிற்கிறது. தேத்தண்ணியே வேண்டாம் என்று தோட்டத்துச் சனத்திடம் சொல்ல எமக்கு வாய் வராது! பகல் 2, 3 மணியோடு நிறுத்துங்கள் என்றுதான் கேட்கிறோம். ராவில் பிள்ளைகளுக்குச் சாயம் ஊற்றிக் கொடுப்பதும் வேண்டாம். மல்லித்தண்ணி கொடுங்கள்.

சாராயமும் கசிப்பும் ஆளைச் சீக்கிரம் சாய்க்கும், உண்மைதான். ஆனால் அதன் வேகம் இறங்கியதும் நடுச்சாமத்தில் முழிப்பு வந்துவிடும். பிறகு விடியும்வரை புரளல்தான்.

எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்தில் எழும்புவதே மிகப் பெரிய மருந்து. பெரட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. எழும்பியதும் இஸ்தோப்பில் நின்று காலை வெளிச்சம் முகத்தில் பட விடுங்கள். உடம்புக்குள் இருக்கும் மணிக்கூட்டை அந்த வெளிச்சம்தான் சரிப்படுத்துகிறது. நித்திரை வர உடம்பின் சூடு சற்றுக் குறைய வேண்டும். வன்னி வெக்கையில் அது லேசில் நடக்காது. பொழுதுபட்டதும் கிணற்றடியில் ஒரு குளிப்பு, காற்றுப் படும் இடத்தில் பாய், மேலே நுளம்புவலை, இவ்வளவும் போதும். யானைக் காவலுக்கு ராமுழுக்க வயலில் விழித்திருப்பவர்கள் பகலில் அறையை இருட்டாக்கிப் படுக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பகலில் அரை மணித்தியாலத்துக்கு மேல் தூக்கம் கூடாது.

படுத்து 20 நிமிசம் போலாகியும் கண் மூடவில்லையா? கிடந்து மல்லுக்கட்ட வேண்டாம். எழும்பி மங்கலான வெளிச்சத்தில் இருந்து, கண் சொக்கும்போது திரும்பிப் படுங்கள். மணிக்கூட்டையும் கைப்போனையும் பார்க்காதீர்கள்.

இதெல்லாம் செய்தும் தூங்க முடியாத ஒரு கூட்டம் உண்டு. 2009 மே வரை நடந்த சண்டைக்குள் அகப்பட்டு, பிறகு மெனிக் பாம் முகாமில் கிடந்து வந்தவர்கள். வெடிச்சத்தம் கேட்டால் திடுக்கிட்டு எழும்புவார்கள், கனவில் கத்துவார்கள். வன்னி மக்களின் கூட்டு மனவடுவைப் பற்றி மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2010ல் விரிவாக எழுதினார். மூச்சை மெல்ல விடுவது, உடம்பைத் தளர்த்துவது, சாமி பெயரையோ செபத்தையோ மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்வது என எமது சனத்துக்குப் பழகிய வழிகளையே அவர் சிகிச்சையிலும் பயன்படுத்தினார். வீட்டில் ஒருவர் அப்படி அலறி எழும்பினால் ஏசவோ பிடித்து உலுக்கவோ வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “நீங்க வீட்டிலதான் இருக்கிறீங்க” என்று சொல்லித் தண்ணி கொடுங்கள். பேய் பிடித்தது என்று சொல்வது அவரை இன்னும் ஒதுக்கிவிடும்.

நித்திரைக் குளிசை விசயத்தில் மட்டும் நாம் கண்டிப்பாகவே சொல்கிறோம். பக்கத்துக் காம்பராவில் வாங்கிப் போடக்கூடாது. மாதக்கணக்காகப் போட்டு வந்தவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, டொக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகவே குறைக்க வேண்டும். குறட்டை நடுவில் மூச்சு நின்று நின்று வந்தாலோ, வாரத்தில் மூன்று நாள் வீதம் மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை என்றாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாழ்க்கை வெறுத்து வேறு எண்ணம் வந்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. ராவிலும் எடுக்கலாம், தமிழிலேயே பேசலாம்.