மருந்துத் தட்டுடன் நிற்கும் செவிலியர்

"கூப்பிட்டாலும் நர்ஸம்மா திரும்பிப் பார்ப்பதில்லை" என்று நோயாளியுடன் தங்கியிருப்போர் எங்களிடம் குறைபட்டுக்கொள்வதுண்டு. அவர்களது வருத்தம் புரிகிறது. ஆயினும், அப்போது அவர் கையில் மருந்துத் தட்டு இருந்ததா என்பதையே நாங்கள் முதலில் கேட்கிறோம்.

ஓய்வற்ற வேலையும் உறக்கக் குறைவும் மன அழுத்தமும் எவருடைய கவனத்தையும் அரித்துவிடும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பது எல்லோர் வீட்டிலும் நடப்பதே. இத்தகைய மறதிகளை அளவிட, பிரிட்டிஷ் உளவியலாளர் டொனால்ட் பிராட்பென்ட்டும் அவருடன் பணியாற்றியோரும் 1982-இல் 25 கேள்விகள் கொண்ட வினாப் பட்டியல் ஒன்றை வெளியிட்டனர். செவிலியர் குறித்த ஆய்வுகளிலும் அது பயன்பட்டு வருகிறது. வீட்டில் பால் பொங்கி வழிவதோடு போய்விடும். வார்டில் அதே மறதி ஊசி மருந்தின் அளவில் வந்து நிற்கக்கூடும்.

சிட்னி நகரின் இரு மருத்துவமனைகளில் 98 செவிலியர் மருந்து கொடுப்பதை நேரில் கவனித்த ஆய்வொன்று 2010-இல் வெளியானது. இடையில் நேர்ந்த ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் நடைமுறைத் தவறுகள் 12.1 விழுக்காடும், மருந்தோ அளவோ மாறுவது போன்ற தவறுகள் 12.7 விழுக்காடும் கூடியதாக அது கண்டது. காரணம் எளிது. நோயாளியின் பெயர், மருந்து, அளவு, வேளை ஆகியவற்றைச் சரிபார்த்து, கொடுத்து, கேஸ் ஷீட்டில் குறிப்பது ஒரே தொடர்ச்சியான வேலை. நடுவில் அறுந்தால், விட்ட இடத்தை மனம் தவறாக நினைவுகூரும். கொடுத்ததை மீண்டும் கொடுக்கவோ, கொடுக்காததைக் கொடுத்ததாக எண்ணவோ நேரலாம்.

பொது வார்டில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்தியச் செவிலியர் மன்றத்தின் நெறி. பல இடங்களில் நடைமுறை அதற்கு வெகு தொலைவில் இருக்கிறது. ஊதியக் கவலையும் சேர்ந்துகொள்கிறது: நம் மாநில அரசு மருத்துவமனைகளின் ஒப்பந்தச் செவிலியர் 2017 நவம்பரில் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் போராடியது பலருக்கு நினைவிருக்கும். இவற்றைச் சீராக்குவது நிர்வாகங்களின், அரசின் கடமை, நோயாளிகளின் பொறுப்பன்று.

உங்களால் இயல்வது வேறு. கொல்லிமலையிலிருந்து வரும் குடும்பத்தினர், மலைக்குப் போகும் கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் மாலை மருந்து வேளையிலேயே எல்லாவற்றையும் கேட்டுவிட முனைகிறார்கள். அவசரம் நியாயமானதே. இருந்தாலும், அவர் கேஸ் ஷீட்டில் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருங்கள்; குடும்பத்தின் சார்பில் ஒருவரே கேளுங்கள். மூச்சுத் திணறல், இரத்தக் கசிவு, வலிப்பு, நினைவு தவறுதல், மருந்து ஏறியதும் உடலில் தடிப்பு ஆகியவற்றைக் கண்டால் மட்டும், அவர் எந்த வேலையில் இருந்தாலும் உடனே அழையுங்கள்.

உங்கள் கைக்கு வந்த மாத்திரை நேற்றைவிட நிறம் மாறித் தெரிந்தால், விழுங்குமுன் கேளுங்கள். அதை எந்தச் செவிலியரும் தொல்லையாக எண்ணுவதில்லை. ஒரே பெயருடைய இருவர் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருப்பதும் உண்டு. ஆகவே அவர் பெயர் கேட்கும்போது தந்தை அல்லது கணவர் பெயரையும் ஊரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.