சிறு உணவுக்கடையின் பற்றும் வரவும்

மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார், பாண்டியன் தலைநகரின் பெருஞ்செல்வத்தை விரித்துரைக்குங்கால், அப்பம் விற்கும் எளிய வணிகரையும் மறந்தாரல்லர். கூவியர் எனப்படும் அம்மக்கள் இரவு முதிர்ந்தபின் களைத்து உறங்கும் காட்சியை அந்நூலிற் காண்கின்றோம். புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்திலும் கூவியர் வாழ்ந்தமையைச் சிலப்பதிகாரம் காட்டும். வகுப்பில் இப்பகுதியைப் பயின்ற அன்றிரவு, யாம் நாள்தோறும் உண்ணும் மெஸ்ஸுக்குச் சென்றபொழுது, கடைக்கார அண்ணாச்சி கல்லாப்பெட்டியின்மேல் தலைசாய்த்து உறங்கிக்கொண்டிருந்தார். காலம் பல நூற்றாண்டு கடந்தும் கூவியரின் களைப்பு மட்டும் தீர்ந்திலதே என எண்ணினோம். அவ்வெண்ணமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

ஒரு குடும்பத்தார் தாமே சமைத்துத் தாமே பரிமாறி நடத்தும் சிறு உணவுக்கடைகள் நம் நாட்டு ஊர்தோறும் உள. புறத்தே நின்று நோக்குவார்க்கு இஃது இலாபம் மிக்க தொழிலாகவே தோன்றும். காலை முதல் இரவு வரை ஆட்கள் வந்தவண்ணம் இருக்கின்றனர். காசும் கைக்குக் கை மாறுகின்றது. அங்ஙனமிருந்தும் இக்கடைகள் பல சில ஆண்டுகளிலேயே மூடப்படுவதன் காரணம் யாது? அதனை ஒரு கணக்கால் விளக்குவாம்.

ஒரு கடையில் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் விற்பனையாகின்றது என எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, பால் முதலியவற்றிற்கு 2,400, எரிவாயுவிற்கு 650, கடை வாடகைக்கு 500, வெளியாள் ஒருவர் கூலிக்கு 600, இலை, மின்சாரம், தண்ணீர் முதலிய சில்லறைச் செலவிற்கு 250. ஆகச் செலவு 4,400 ரூபாய். எஞ்சுவது 600. இதனை இலாபம் என்கின்றோம். ஆயின் அக்கடையில் தந்தை, தாய், பாட்டியார், மகன் ஆகிய நால்வர் விடியற்காலை நான்கு மணி முதல் இரவு பதினொரு மணி வரை மாறி மாறி உழைக்கின்றனர். அறுநூற்றை நால்வர்க்குப் பகிர்ந்தால், ஒருவர்க்குக் கிடைப்பது 150 ரூபாய். பாத்திரம் கழுவ வரும் வெளியாளின் கூலியில் நான்கில் ஒரு பங்கு! எனவே, இலாபம் என்று நாம் பெயரிட்டழைப்பது உண்மையில் இலாபம் அன்று. கொடுக்கப்படாத கூலியே அது. வீட்டார் கூலியைக் கணக்கில் எழுதாதவரை கடை நிற்கும். எழுதிய அன்றே அது நஷ்டக் கடை.

இனி, இவ்வறுநூறும் நிலையானதா எனின், அன்று. உணவுத் தொழிலில் சரக்கின் விலை நாளுக்கு நாள் மாறும். விற்கும் விலையோ எளிதில் மாறாது. 2019ஆம் ஆண்டு டிசம்பரில் வெங்காயமும், 2023ஆம் ஆண்டு ஜூலையில் தக்காளியும் கிலோ 100 ரூபாயைக் கடந்தன. அதற்காக இரசத்தில் தக்காளியைக் குறைத்தால் உண்போர் முகம் சுளிப்பர். சாப்பாட்டு விலையில் ஐந்து ரூபாய் ஏற்றினால் அடுத்த தெருவிற்குப் போய்விடுவர். பெரிய ஹோட்டலார் மொத்தமாக வாங்கி இருப்பு வைத்தல் கூடும். சிறு கடையாரோ அன்றன்று விற்ற காசைக் கொண்டே மறுநாட் காலைச் சந்தையில் வாங்குவோர். மாலையில் மழை பெய்துவிட்டாலோ, முன்னறிவின்றி விடுமுறை அறிவிக்கப்பட்டாலோ, வடித்த சோறு வீணாம். துணிக்கடைக்காரர் விற்காத வேட்டியை நாளைக்கு விற்கலாம். விற்காத சாம்பாரை என் செய்வது?

எரிபொருளும் வரியும் மற்றொரு சுமை. வீட்டில் எரிக்கும் 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் எரித்தல் சட்டப்படி குற்றம். கடைக்கு உரியது 19 கிலோ சிலிண்டர். அதன்மேல் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 18. 2017ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் முதல், சாதாரண உணவகங்கள் உண்போரிடம் வாங்கும் வரி நூற்றுக்கு 5 என்று குறைக்கப்பட்டது. உண்போர்க்கு அது நன்மையே. ஆயின் கடையார் எரிவாயு முதலியவற்றிற்குத் தாம் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை அதனோடு நீங்கிற்று. ஆண்டு விற்பனை 20 இலட்சத்திற்கு உட்பட்ட கடைகள் வரிக்குப் பதிவு செய்யவேண்டா எனினும், வாங்கும் பொருளில் ஒளிந்துவரும் வரியினின்று அவைகளும் தப்பமுடியாது.

இத்தகைய கடைக்கு ஒரு சிறு தடை நேரினும் கைமுதல் கரைந்துபோகும். 2020ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபொழுது, உணவகங்களில் அமர்ந்துண்ணல் நின்றது. பெரிய கடைகள் பார்சல் விற்றுப் பிழைத்தன. கல்லூரி விடுதிகளை நம்பியிருந்த மெஸ்களுக்கோ, பார்சல் வாங்கவும் மாணவர் ஊரில் இலர். வாடகையோ நின்றபாடில்லை.

கைமுதல் கரைந்தபின் வருவது தண்டல். பலர் இதனை அறியாராகலின் சிறிது விளக்குவோம். 10,000 ரூபாய்க் கடன் என்று பேசி, ஆயிரத்தை முன்னரே பிடித்துக்கொண்டு, கையில் 9,000 தருவர். அடுத்த நாள் முதல் நூறு நாட்களுக்கு, நாள்தோறும் மாலையில் வந்து நூறு நூறு ரூபாயாகத் தண்டிச் செல்வர். நூறு நாளைக்கு ஆயிரந்தானே என்று எண்ணுதல் பிழை. முதல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருதலால், சராசரியாகக் கடையார் கையில் இருப்பது 4,500 ரூபாயளவே. அதற்கு நூறு நாள் வட்டி ஆயிரம் என்றால், ஆண்டுக் கணக்கில் வட்டி நூற்றுக்கு எண்பதை எட்டும்! 2015ஆம் ஆண்டு தொடங்கிய முத்ரா திட்டத்தில் ஈடின்றி வங்கிக் கடன் பெற வழி உண்டு. எனினும் வங்கி கேட்கும் தாள்களைத் திரட்ட ஒரு பகல் வேண்டும். தண்டற்காரரோ கடை வாயிலுக்கே வருகின்றார்.

ஈண்டு நாம் நம்மையே நோக்கவேண்டியவராகின்றோம். நம் மெஸ்ஸில் பற்று நோட்டு ஒன்று உண்டு. மாதக் கணக்கில் உண்ணும் மாணவர் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கும். காசில்லை என்று தயங்கி நிற்போரை அண்ணாச்சியின் துணைவியார் திருப்பி அனுப்பியதை யாம் கண்டதில்லை. “பசியோடு இருந்தால் பாடம் ஏறாது, தம்பி, உட்கார். கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பார். அந்தப் ‘பிறகு’ என்னும் சொல்லை நாம் எவ்வளவு எளிதாக எடுத்துக்கொண்டோம்! யாமும் ஒருமுறை இரண்டு மாதத்துப் பணத்தை ஊரிலிருந்து வந்தபின்னும் கொடாது, வேறு செலவு செய்துவிட்டோம். அம்மாதங்களில் மாலைதோறும் கடைக்கு ஒருவர் வந்து நூறு ரூபாய் வாங்கிச் சென்றதைப் பார்த்துக்கொண்டே உண்டிருக்கின்றோம். அவர் யார் என்பதையும், எம் பாக்கிக்கும் அவர் வருகைக்கும் உள்ள தொடர்பையும் பின்னரே அறிந்தோம். நாம் நிறுத்திவைக்கும் ஒவ்வொரு ரூபாயையும் அக்குடும்பத்தார் தண்டல் வட்டிக்கு வாங்கி நமக்குச் சோறிடுகின்றனர். நாணத்தோடு இதனை எழுதுகின்றோம்.

அண்ணாச்சியின் மகனார் வேறொரு கல்லூரியில் வணிகவியல் பயில்கின்றார். படிப்பு முடிந்ததும் கடைக்கு வருவீரோ என வினவினோம். “எங்கள் வீட்டார் கூலியைக் கணக்கில் எழுதிப் பார்த்துவிட்டேன்” என்று மட்டும் கூறி நகைத்தார். மேற்சொன்ன கணக்கின் வழியை எமக்குக் கற்பித்தவர் அவரே. அவரைக் குறைகூறல் எங்ஙனம்? பெற்றோர் உறக்கம் விற்றுப் பிள்ளையைப் படிக்கவைத்தது, பிள்ளையும் உறக்கம் விற்பதற்கன்றே. ஆயினும் அவர் வாராதொழியின், கூலியின்றி உழைப்பார் ஒருவர் குறைவர். கடையும் நெடுநாள் நில்லாது.

மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாதது. நம் எதிர்ச்சந்தில் உள்ள பாத்திரமோ எடுக்க எடுக்கக் குறைவது. நிரப்புவார் நிரப்பினாலன்றி மறுநாள் அடுப்பேறாதது. வரியையும் விலைவாசியையும் மாற்றுதல் நம் கையில் இல்லை. பாக்கியைத் தீர்த்தல் நம் கையில் உள்ளது. எம் பாக்கியைச் சென்ற திங்களில் தீர்த்துவிட்டோம். துணைவியார் நோட்டைப் புரட்டி எம் பெயரைக் கோடிட்டு அடித்தபொழுது, அதற்கு முன்னுள்ள பக்கங்களில் அடிக்கப்படாத பெயர்கள் பல இருத்தலைக் கண்டோம். அவற்றுள் சில பட்டம் பெற்று உயர்ந்த பதவிகளில் இருப்போருடையவை. இம்மலர் பழைய மாணவர் கைக்கும் செல்லுமாகலின், அவர்கட்கு ஒன்று கூறி முடிப்போம்: கல்லூரி விழாவிற்கு வருங்கால், ஐயன்மீர், எதிர்ச்சந்திற்கும் ஒருமுறை சென்று வருக. நோட்டு இன்னும் அங்கேதான் இருக்கின்றது.