பரம்பரைப் புற்றுநோயும் ஒரு மாவோரிக் குடும்பமும்

நியூஜிலாந்திலே டௌரங்கா நகரையடுத்து வாழும் மாவோரிக் குடும்பமொன்றில், முப்பது ஆண்டுகளுக்குள் 25 பேர் வரையில் இரைப்பைப் புற்றுநோயால் மாண்டனர். அவர்களில் ஒருவருக்கு வயது 14. சாபமென்று சொன்னவர்களும் உண்டு. குடும்பத்தாரோ அவ்வளவில் அடங்கினாரில்லை. தங்கள் வம்சாவளியோடு ஒடாகோ சர்வகலாசாலை விஞ்ஞானிகளைத் தாங்களே நாடினர். பாரி கில்ஃபோர்டு முதலியோர் 1998-ஆம் ஆண்டில் 'நேச்சர்' பத்திரிகையில் முடிவை வெளியிட்டபோது, ஆசிரியர் வரிசையில் குடும்பத்தாரின் பெயர்களும் இருந்தன. பிறர் ஆராய்ச்சிக்குப் பொருளாகக் கிடப்பது வேறு. ஆராய்ச்சியைத் தாமே நடத்துவிப்பது வேறு.

கண்டது யாது? உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கேட்ஹெரின் என்ற புரதத்தை ஆக்கும் மரபணுவில் பழுது. செங்கற்களிடையே சாந்து போன்றது இப்புரதம். அது அற்றால் அணுக்கள் கட்டியாகத் திரளாமல், தனித்தனியே இரைப்பைச் சுவரினுள் ஊடுருவிப் பரவும். குழாய் செலுத்திப் பார்க்கும் வைத்தியர் கண்ணுக்கும் ஆரம்பத்தில் தப்பிவிடும்.

ஆயினும் மரபணுவுக்குத் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டு பிரதிகள் உண்டு. பழுதுற்றது ஒன்றே, மற்றது நன்றாயிருக்க நோய் வருவானேன்? இங்கேதான் விஷயமே இருக்கிறது. பல நோயாளிகளின் புற்றணுக்களில் இரண்டாம் பிரதியின் எழுத்துக்களில் பிழையே இல்லை. அதன் முகப்பில் மீதைல் என்னும் சிறு இரசாயனத் துணுக்குகள் ஏறி, அதைப் படிக்கவொட்டாமல் அடைத்துவிட்டன. பத்திரத்தில் எழுத்தைத் திருத்துவதுண்டு. பத்திரம் பழுதின்றியிருந்தும் கோர்ட்டுக்கு வராமல் பெட்டியில் பூட்டிக் கிடப்பதுமுண்டு. வழக்குத் தோற்பது இரண்டிலும் ஒன்றே என்பதை வக்கீல் தொழிலில் நாம் கண்டிருக்கிறோம்.

வேற்றுறுப்புக்கு ஓடிய புற்றணுக்களை ஆராய்ந்தவர்களும், பரவுதற்கென்றே ஏற்பட்ட மரபணுப் பிழையைப் பெரும்பாலும் கண்டாரில்லை. ஆதலின் இப்பூட்டின் மீதே சந்தேகம் வலுக்கிறது. எழுத்துப் பிழை நிலைத்துவிடும், பூட்டையோ திறக்கலாம். அமெரிக்காவில் 2004-இல் அனுமதி பெற்ற அஸாஸிடிடீன் மருந்து மீதைலைக் குறைப்பதே. ஆனால் அது எலும்பு மஜ்ஜை நோயொன்றுக்கு ஏற்பட்டது. கட்டிப் புற்றுநோய்களில் அத்தகைய வெற்றி இன்னும் கிட்டவில்லை. 'புற்றுநோய்க்கு முடிவு' என்று அடிக்கடி முழங்குவோரை நாம் நம்புவதற்கில்லை.

மருந்துக்குக் காத்திராமல் அக்குடும்பத்தார் செய்தது வேறு. பழுதுடைய பெற்றோரின் பிள்ளைக்கு அது இறங்கக்கூடியது பாதிக்குப் பாதி. யாருக்கு இறங்கியது என்பதை இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். இறங்கியதென்று அறிந்தவர்களில் பலர், நோய் தலைகாட்டுமுன்னரே இரைப்பை முழுவதையும் எடுத்துவிடச் சம்மதித்தனர். இரைப்பையின்றி, சிறுகச் சிறுக உண்டு, அவர்கள் வாழ்கிறார்கள்.