தடிமனோடு குரங்கு பார்க்கப் போகாதீர்கள்

உகண்டாவின் கிபாலே காட்டில், ங்கோகோ என்ற இடத்தில், ஏறத்தாழ 205 சிம்பன்சிகள் ஒரே கூட்டமாக வாழ்ந்தன. 2016 டிசம்பர் கடைசியில் அவற்றுக்கு இருமல் தொடங்கியது. மூக்கு ஒழுகியது, மூச்சு இழுத்தது. அடுத்த பெப்ரவரிக்குள் 25 சிம்பன்சிகள் செத்துப்போயின. காரணம் மெட்டாநியூமோவைரஸ். நம்மட பிள்ளைகளுக்கு வந்து, கொத்தமல்லித் தண்ணியும் பனடோல் சிரப்பும் குடித்து ஒரு கிழமையில் விட்டுப்போகிற சளிக் கிருமிகளில் அதுவும் ஒன்று.

அதே காட்டில் கன்யவாரா என்ற இன்னொரு கூட்டம். 2013இல் அங்கே 56இல் 5 இறந்தன. இறந்த இரண்டு வயதுக் குட்டி ஒன்றைப் பரிசோதித்தபோது கிடைத்தது ரைனோவைரஸ் சி, சாதாரணத் தடிமன் கிருமி. மனிதர்களில் சில பிள்ளைகளுக்கு இந்தக் கிருமி கடும் முட்டு வருத்தத்தைக் கொடுக்கும். அதற்கு இடம்கொடுக்கும் மரபணு வடிவம் ஒன்று இருக்கிறது. பரிசோதித்த சிம்பன்சிகள் அனைத்திடமும் அந்த வடிவமே இருந்தது. நமக்குப் பழகிப்போன கிருமிக்கு எதிராக அவற்றின் உடலில் முன்தயாரிப்பே இல்லை. ஒரு தாய்ச் சிம்பன்சி ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறைதான் குட்டி போடும். ஒரு தடிமன் தின்ற உயிர்களை ஈடுசெய்யப் பல வருடங்கள் வேண்டும்.

உம்றா போய் வந்தவருக்கு இருமல் வராவிட்டால்தான் நம்மூரில் அதிசயம். நாலு நாட்டுச் சனம் நெருங்கி நிற்கும் இடத்தில் கிருமி எப்படிக் கைமாறும் என்று நமக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. காட்டிலும் அதுதான் நடக்கிறது. உல்லாசப் பயணிகள், ஆய்வாளர்கள், வழிகாட்டிகள், காட்டோரக் கிராமத்தவர்கள் என்று கிருமியைக் கொண்டுபோகப் பலர் இருக்கிறார்கள்.

சட்டதிட்டம் இல்லாமல் இல்லை. மலைக் கொரில்லாக்கள் உலகத்திலேயே ஆயிரத்துச் சொச்சம்தான் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க ஒரு தடவைக்கு எட்டுப் பேர், ஒரு மணித்தியாலம். 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. கொரோனாவுக்குப் பிறகு முகக்கவசமும் 10 மீற்றர் இடைவெளியும். வருத்தக்காரர் போகவே கூடாது. ஆனால் றுவாண்டாவில் ஓர் அனுமதிச்சீட்டு 1,500 டொலர். அவ்வளவு காசு கட்டி, கடல் கடந்து போனவர் வாசலில் நின்று "எனக்கு இருமல்" என்று சொல்வாரா? தெரிந்த பதில்தான். கொரோனாவுக்கு முன்பு கொரில்லாப் பயணிகள் இன்ஸ்டகிராமில் போட்ட 858 படங்களை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 86 வீதமானவற்றில் மனிதர் நின்றது 4 மீற்றருக்குள். பயணியை மட்டும் பேசுவதும் நியாயமில்லை. லீவு போட்டால் அன்றைய சம்பளம் போகும் என்றால் வழிகாட்டியும் இருமலை விழுங்கிக்கொண்டுதான் வேலைக்கு வருவார். அவருக்குச் சம்பளத்தோடு லீவு கிடைக்கும்வரை முகக்கவசம் அரைப் பாதுகாப்புத்தான்.

இது எங்கேயோ ஆபிரிக்காக் கதை என்று விட்டுவிடவும் முடியாது. 2021 ஜூனில் தெஹிவளை மிருகக்காட்சிச் சாலையில் தோர் என்ற சிங்கத்துக்குக் கொரோனா உறுதியானது. அதே மாதம் சென்னை வண்டலூரில் நீலா என்ற பெண் சிங்கமும், பிறகு ஓர் ஆண் சிங்கமும் இறந்தன. கூட்டுக்குள் கிடக்கும் சிங்கத்துக்கு வருத்தம் நடந்து வராது.

இலங்கைக் காட்டில் சிம்பன்சி இல்லை, செங்குரங்கு இருக்கிறது. தலை உச்சியில் மயிர் சுழித்துத் தொப்பிபோல் நிற்கும்; இந்த நாட்டைத் தவிர வேறெங்கும் இல்லாத, அழியும் ஆபத்திலுள்ள இனம். வாலுள்ள குரங்குதான், ஆனாலும் உறவு தூரமில்லை: கொரோனா வைரஸ் ஒட்டிக்கொள்ளும் புரதத்தின் முக்கிய இடங்கள் ஆசிய, ஆபிரிக்கக் குரங்குகளில் மனிதரில் இருப்பதுபோலவே இருக்கின்றன. குரங்குக்குத் தென்னையைப் பறிகொடுத்தவரிடம் அதன் சுகத்தைப் பேசுவது லேசல்ல என்று தெரியும். அது வேறு வழக்கு.

கண்டிக்குப் போகும் வேன் மஹியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவில் ஏறும்போது பாருங்கள். ஓரத்தில் குரங்குகள் குந்தியிருக்கும். வேன் நிற்கும். சளி வடியும் பிள்ளை பாதி கடித்த பிஸ்கட்டை ஜன்னலால் நீட்டும். குரங்கு அதைத் தட்டிப் பறித்துக் கன்னப்பைக்குள் அடைத்துக்கொள்ளும். எச்சிலோடு கிருமியும் போகும். திரும்பி வருவதும் உண்டு: கடித்தால், கீறினால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம், அது உங்கள் உரிமை. காயம்பட்ட, வருத்தம் பிடித்த குரங்கைக் கண்டால் கையால் தொடாமல் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு அழையுங்கள்.

வருத்தம் பிடித்த ஒட்டகத்தை நல்ல ஒட்டகங்களோடு சேர்க்க வேண்டாம் எனும் ஹதீஸ் நாம் அறியாததல்ல.

அதனால், நற்பிட்டிமுனையிலும் கல்முனையிலும் ட்ரிப் ஒழுங்குசெய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புறப்படுவதற்கு முந்தின நாள் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு இருமல் என்று கேளுங்கள். "எனக்கு இருமல், நான் நிற்கிறேன்" என்று சொல்கிறவருக்குக் கட்டிய காசைக் குறைக்காமல் திருப்பிக் கொடுங்கள்.