தைக்கும் கோடுகள் - 9: ‘பை வைக்காதே’ என்று வரைவது எப்படி?

விருதுநகர் மாவட்டம் ஆமத்தூர் வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்கள் பலர் சேலைக்கு மேல் ஓர் ஆண் சட்டையை மாட்டிக்கொள்வார்கள். வீட்டுக்காரரோ தம்பியோ போட்டுக் கழித்த சட்டை. அலுமினியப் பொடியும் கரியும் சேலையில் ஏறாமல் இருக்க அவர்களே கண்டுபிடித்த ஏற்பாடு அது. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆடை வடிவமைப்பாளன் கண்ணுக்கு அந்தச் சட்டையில் இரண்டு கோளாறுகள் உடனே தெரியும். ஒன்று, பாதிக்கு மேல் பாலியெஸ்டர் கலந்த துணி. காற்று வறண்ட நாளில் உரசினால் நிலைமின்சாரம் சேரும். தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, இடது மார்பில் ஒரு பை. பொடி தங்கும் இடம் அதுதான். தீப்பெட்டியோ செல்போனோ தெரியாத்தனமாக உள்ளே போய்விடும் இடமும் அதுதான். பிரிட்டன் 1875-ல் இயற்றிய வெடிபொருள் சட்டத்திலேயே, வேலையுடை பை இல்லாததாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

சரி, முறையாக ஒரு மேலுடை தைத்துக் கொடுப்போம் என்று நினைத்து, டெய்லரிடம் “காட்டன்ல ஒரு ஓவர்கோட் மாதிரி தைங்கண்ணே” என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் என்ன வரும்? காலர் வரும், பிளாஸ்டிக் பட்டன் வரும், பாலியெஸ்டர் நூலில் தையல் வரும். பையும் வரும். கை பழகிய வேலை அப்படித்தான் போகும். நாம் வரையாமல் விட்டதையெல்லாம் டெய்லர் தன் வழக்கத்தால் நிரப்பிவிடுவார். தொழிற்சாலையில் இதே கதை ஆயிரம் உருப்படிகளில் நடக்கும்.

அதனால்தான் ஏற்றுமதிக் கம்பெனிகளில் ‘ஃபிளாட் ஸ்கெட்ச்’ இல்லாமல் சாம்பிளுக்குத் துணி வெட்டுவதில்லை. பத்திரிகையில் பார்க்கும் ஃபேஷன் படம் வேறு. அதில் பெண்ணின் உயரம் தலையளவைப் போல ஒன்பது மடங்கு இருக்கும், துணி காற்றில் பறக்கும். ஃபிளாட்டில் உடம்பே கிடையாது. உடையைத் தரையில் விரித்துப் போட்டு நேர் மேலிருந்து பார்க்கிற படம். நடுக்கோடு போட்டு ஒரு பாதியை மட்டும் வரைந்து, மறுபாதியைப் புரட்டி எடுத்துக்கொள்வார்கள். தொடர்கோடு என்றால் இணைப்பு. விட்டு விட்டுப் போகும் கோடு என்றால் மேல்தையல். முன்புறம், பின்புறம் இரண்டும் கட்டாயம். முதுகை வரையாமல் வரும் ஸ்கெட்சை எந்தக் கட்டிங் மாஸ்டரும் திருப்பி அனுப்புவார், அனுப்ப வேண்டும்.

கோடு போடுவதற்கு முன் வெளியுருவத்தை முடிவு செய்ய வேண்டும். பாரீஸின் கிறிஸ்டியன் டியோர் 1954-ல் ‘எச்’, 1955-ல் ‘ஏ’ என்று எழுத்துகளாலேயே உருவங்களுக்குப் பெயர் வைத்தார். ‘ஏ’ மேலே ஒடுங்கிக் கீழே விரிவது. இதே விருதுநகர் மாவட்டத்தில், ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரத்தில் குவியல் குவியலாகத் தைக்கும் நைட்டி ஏறக்குறைய அந்த உருவம்தான்: யோக்குக்குக் கீழே சுருக்கம், பாதம் வரை விரிவு. வீட்டுக்கு அதைவிட வசதி ஏது? பட்டாசு மருந்து கையாளும் அறைக்கு மட்டும் ஆகாது. விரிந்த ஓரம் தரையைத் துடைக்கும், தொங்கும் கை தட்டில் உரசும்.

இங்கே ‘எச்’ வேண்டும்: தோளிலிருந்து தொடை நடுவரை நேர்கோடு. நேர்கோடு என்றதும் மார்பளவையே இடுப்புக்கும் போட்டுவிடக் கூடாது. உள்ளே சேலைக் கொசுவம் இருக்கிறது. தரையில் சம்மணம் போட்டு உட்காரும் வேலை. இடுப்பில் நல்ல தாராளம், இரு பக்கமும் ஆறு அங்குலத் திறப்பு. மணிக்கட்டில் எலாஸ்டிக் வேண்டாம், பருத்தி நாடா போதும். முடிச்சுகள் பக்கவாட்டில், ஒரே இழுப்பில் அவிழும்படி. கையோரத்தை மடித்துவிட்டால் அதிலும் பொடி தங்கும். ஆகவே மடிப்பு கிடையாது. பக்க இணைப்பில் ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று மடித்து இருவரித் தையல். இதைச் சின்ன வட்டத்துக்குள் பெரிதாக்கிக் காட்ட வேண்டும். மார்பளவை அக்குளுக்கு ஓர் அங்குலம் கீழே அளக்கச் சொல்லி அம்புக்குறி. நூலும் பருத்தி என்று தனியாக எழுத வேண்டும். துணிக்குச் சொன்னது நூலுக்கும் சேர்த்துத்தான் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இடது மார்பில் ஓர் அம்பு: “பை இல்லை.”

இப்படி வரையும் வேலைக்கு ஆள் தேடித் திருப்பூருக்கு ஓட வேண்டியதில்லை. சிவகாசி அச்சகங்களில் கோரல்ட்ரா மென்பொருளில் காலண்டரும் பட்டாசுப் பெட்டியும் வடிவமைக்கும் பிள்ளைகளுக்கு வளைகோடு இழுப்பது தண்ணீர் பட்ட பாடு. அவர்களுக்கு இனித் தெரிய வேண்டியது தையல். இதே மாவட்டத்து இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பிஎம் மித்ரா ஜவுளிப் பூங்கா 2023-ல் அறிவிக்கப்பட்டது. அங்கே வரப்போகும் ஆலைகளுக்கு மெஷின் ஓட்டுபவர்கள் மட்டும் போதாது, கோடு போடுபவர்களும் வேண்டும். மாவட்டத்துப் பாலிடெக்னிக்குகள் இதை இப்போதே யோசிக்கலாம்.

ஆலை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வேலையுடைக்கு ஆர்டர் கொடுக்கும்போது, துணியோடு ஒரு தாளும் கொடுங்கள். படம் வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று, அம்புக்குறிகள் போதும். முதல் உருப்படியை வேலை செய்யும் பெண் ஒருவருக்குச் சேலைக்கு மேல் போட்டு, தரையில் உட்காரச் சொல்லிப் பார்த்துவிட்டு மீதியைத் தைக்கச் சொல்லுங்கள்.

(தொடரும்)