வரகூர் தொகுதி எங்கே போயிற்று?

2006 மே 8-ம் தேதி வரகூர் சட்டமன்றத் தொகுதி கடைசியாக ஓட்டுப் போட்டது. அ.தி.மு.க.வின் எம். சந்திரகாசி ஜெயித்தார். அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்கு, 2011 ஏப்ரல் 13-ம் தேதி, அதே ஜனங்கள் மறுபடி வரிசையில் நின்றபோது அந்தப் பெயரில் தொகுதியே இல்லை. வரகூர் என்ற ஊர் அதே இடத்தில்தான் இருந்தது. வாக்காளர்களும் இருந்தார்கள். தொகுதி மட்டும் போய்விட்டது. அதோடு கிழக்கே ஆண்டிமடம் தொகுதியும் போய்விட்டது.

பெரம்பலூர் மாவட்டத்து வேப்பந்தட்டைப் பக்கம் யாரைக் கேட்டாலும் "மறுசீரமைப்புல போயிருச்சு" என்பார்கள். உண்மைதான். ஆனால் எப்படிப் போனது என்பதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. யாரும் சதி செய்யவில்லை, யாரும் கவனக்குறைவாகவும் இல்லை. ஒரு வகுத்தல் கணக்கு, அதில் வந்த தசமப் புள்ளி, அந்தச் சமயத்தில் மாவட்ட எல்லை நின்ற இடம், இந்த மூன்றும் சேர்ந்து ஒரு எம்.எல்.ஏ. இடத்தைக் கொண்டுபோயின.

பெரம்பலூர், வரகூர், அரியலூர், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் என்று இந்த வட்டாரத்தில் முன்பு ஐந்து தொகுதிகள். இப்போது பெரம்பலூர், குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் என்று நான்கு. எண்கள் 147-லிருந்து 150 வரை வரிசையாக வரும். வேப்பந்தட்டைக்காரர்கள் 147-ல் இருக்கிறார்கள். வரகூர் தனித்தொகுதியாக இருந்தது. அதன் இடத்தில் வந்த குன்னம் பொதுத்தொகுதி.

2002-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் தொகுதி மறுவரையறை ஆணையம் அமைந்தது. தமிழ்நாட்டின் மொத்த இடங்கள் 234 என்பதைத் தொடக்கூடாது. 2001 மக்கள்தொகையை வைத்து உள்ளுக்குள் பங்கு பிரிக்க வேண்டும். முதல் வேலை, மாநில சராசரி. 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6,24,05,679. இதை 234-ஆல் வகுத்தால் தொகுதிக்கு 2,66,691 பேர். அடுத்து ஒவ்வொரு மாவட்டத்தின் மக்கள்தொகையையும் இந்தச் சராசரியால் வகுத்து அந்த மாவட்டத்துக்கு எத்தனை இடம் என்று முடிவு செய்வது. அரைக்கு மேல் வந்தால் ஒன்றாகக் கூட்டிக்கொள்ளலாம், குறைந்தால் விட்டுவிடலாம். தொகுதிகள் கூடுமானவரை மாவட்டத்துக்குள்ளேயே அடங்க வேண்டும்.

இப்போது மாவட்டத்தின் கதைக்கு வருவோம். 1995-ல் திருச்சி மாவட்டத்தைப் பிரித்துப் பெரம்பலூர் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். 2001 ஜனவரி 1-ல் அதிலிருந்து அரியலூர் தனி மாவட்டமானது. 2002 மார்ச் 31-ல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பர் 23-ல் மறுபடியும் பிரித்தார்கள். ஆட்சி மாறினால் மாவட்டமும் மாறிய காலம் அது. மறுவரையறை ஆணையமோ 2004 பிப்ரவரி 15 அன்று இருந்த நிர்வாக எல்லைகளையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. அந்தத் தேதியில் அரியலூர் மாவட்டம் கிடையாது.

பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டிய இடம் இது. 2001 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் 4,93,646 பேர். அரியலூர் 6,95,524 பேர். இரண்டும் சேர்ந்து 11,89,170. சராசரியால் வகுத்தால் 4.459 வருகிறது. அரையைத் தொடவில்லை. ஆகவே நான்கு தொகுதிகள்.

இதே எண்களைத் தனித்தனியாக வகுத்துப் பாருங்கள். பெரம்பலூருக்கு 1.85, மேலே தள்ளினால் இரண்டு. அரியலூருக்கு 2.61, மேலே தள்ளினால் மூன்று. இரண்டும் மூன்றும் ஐந்து. ஒரு ஆள் கூடவில்லை, ஒரு ஆள் குறையவில்லை. தனி மாவட்டங்களாக நின்றால் ஐந்து இடம், ஒரே மாவட்டமாக நின்றால் நான்கு இடம். 2002-ல் இணைத்தபோது கலெக்டர் ஆபீஸ் போகும் தூரத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு இருந்திருக்கும். தசமத்துக்குப் பின்னால் இருக்கும் எண்களைப் பற்றி யார் யோசித்திருப்பார்கள்?

சேர்ந்த மாவட்டமாகவே வைத்துக்கொண்டாலும் விளிம்பில்தான் நிற்கிறோம். 4.5-ஐத் தொட இன்னும் 10,939 பேர் போதும். நடுத்தரப் பேரூராட்சி ஒன்றின் ஜனத்தொகை அவ்வளவுதான். "அரைக்கு மேல்" என்ற விதியும் வானத்திலிருந்து இறங்கியது அல்ல. அமெரிக்காவில் மாநிலங்களுக்கு இடம் பங்கிடுவது பற்றி இருநூறு ஆண்டுகளாகச் சண்டை நடந்திருக்கிறது. 1832-ல் டேனியல் வெப்ஸ்டர் சொன்னது நம்முடைய அரைக்கணக்கு. அதே சமயத்தில் ஜேம்ஸ் டீன் என்ற கணிதப் பேராசிரியர் வேறொரு வழி சொன்னார்: எத்தனை இடம் கொடுத்தால் ஓர் இடத்துக்கான ஜனத்தொகை சராசரிக்குக் கிட்ட வருகிறதோ அதைக் கொடு. 1941 முதல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குப் பயன்படுவது மூன்றாவது முறை, ஹன்டிங்டன்-ஹில். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே மேலே தள்ளும் புள்ளி வெப்ஸ்டருக்கு 4.5; ஹன்டிங்டன்-ஹில்லுக்கு 4.472, டீனுக்கு 4.444. நம்முடைய 4.459 கடைசி இரண்டுக்கும் இடையே போய் உட்கார்ந்திருக்கிறது. டீன் வழியில் போயிருந்தால் ஐந்தாவது தொகுதி பிழைத்திருக்கும். நான்கு தொகுதி என்றால் ஒன்றுக்கு 2,97,292 பேர், சராசரியைவிட 11.5 சதவீதம் கூடுதல். ஐந்து என்றால் 2,37,834 பேர், 10.8 சதவீதம் குறைவு. ஐந்துதான் சராசரிக்குச் சற்றே பக்கத்தில் இருக்கிறது!

2008 பிப்ரவரி 19-ல் குடியரசுத் தலைவரின் அறிவிக்கையோடு புதிய எல்லைகள் நடைமுறைக்கு வந்தன. ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து நீதிமன்றம் போக அரசியல் சாசனத்தின் 329-வது பிரிவு இடம் கொடுப்பதில்லை. அந்த அறிவிக்கைக்கு மூன்று மாதம் முன்புதான் அரியலூர் மறுபடி தனி மாவட்டமாகியிருந்தது. ஆணையம் ஒரே மாவட்டத்துக்குள் வரைந்த குன்னம் தொகுதி இப்போது இரண்டு மாவட்டங்களில் கால் வைத்து நிற்கிறது. செந்துறையில் குடியிருப்பவருக்குக் கலெக்டர் அரியலூரில், எம்.எல்.ஏ. தொகுதியின் பெயர் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம், எம்.பி. தொகுதியோ கடலூர் மாவட்டத்துச் சிதம்பரம். மனு எழுதுகிறவருக்கு விலாசம் எழுதவே ஒரு பக்கம் வேண்டும்.

வேப்பந்தட்டைக்காரரின் நிலைமையும் பெரிதாக வித்தியாசமில்லை. அவர் ஓட்டுப் போடும் பெரம்பலூர் நாடாளுமன்றத் தொகுதி இப்போது லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர் வழியாகக் காவிரியைத் தாண்டி, கரூர் மாவட்டத்துக் குளித்தலை வரை போகிறது. பக்கத்துக் குன்னம் அதில் இல்லை.

அந்த நாடாளுமன்றத் தொகுதிக்கும் பழைய வரலாறு உண்டு. 1952-ல் அங்கே வென்றது காங்கிரஸ் அல்ல, தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. 1962-ல் தி.மு.க.வின் இரா. செழியன் அங்கிருந்துதான் டெல்லி போனார். பிறகு அது தனித்தொகுதியாகி, 1996, 1999, 2004 தேர்தல்களில் ஆ. ராசா வென்றார். 2008-ல் பெரம்பலூர் பொதுத்தொகுதியாகவும் நீலகிரி தனித்தொகுதியாகவும் மாறின. 2009-ல் ராசா நீலகிரிக்குப் போய் நின்று ஜெயித்தார்; பெரம்பலூரில் நடிகர் நெப்போலியன் வந்தார். இந்த மாற்றமும் வகுத்தல்தான். மாநிலத்தில் பட்டியல் சாதியினர் 19 சதவீதம். 234-ல் அது 44.46, ஆகவே 44 தனித்தொகுதிகள். நாடாளுமன்றத்தின் 39-ல் 7.41, ஆகவே ஏழு. பழங்குடியினருக்கு 2.44 வந்ததால் இரண்டு. முன்பு மூன்று இருந்தது. இழந்தது, வேப்பந்தட்டைக்கு மேற்கே பச்சைமலைக்கு அந்தப்பக்கம் இருந்த உப்பிலியபுரம். மலையாளிப் பழங்குடியினரின் அந்தத் தொகுதி போய், அங்கே துறையூர் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியாக வந்தது.

தொகுதி செத்தால் அதன் ஓட்டுகள் என்னவாகும்? இதற்கு விடை படிவம் 20 என்ற ஒரு தாளில் இருக்கிறது. ஓட்டு எண்ணி முடித்ததும் தேர்தல் அதிகாரி தயாரிக்கும் இறுதி முடிவுத் தாள் அது. இடது ஓரத்தில் வாக்குச்சாவடி எண், அதற்கு நேராக ஒவ்வொரு வேட்பாளரும் அந்தச் சாவடியில் வாங்கிய ஓட்டு, வலது ஓரத்தில் மொத்தம். ஊர்த் தெருவின் அரசியல் அதில் அப்பட்டமாகத் தெரியும். ஒரு சாவடியில் 612-க்கு 40, அடுத்த சாவடியில் 55-க்கு 580 என்கிற மாதிரி எண்கள் வந்தால் உள்ளூர்க்காரர் சாவடி எண்ணைப் பார்த்தே தெருவைச் சொல்லிவிடுவார். இந்த ரகசியக் கசிவை அடைக்கத்தான், பல இயந்திரங்களின் ஓட்டைச் சேர்த்து எண்ணும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-ல் முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015-ல் ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. வாக்குச்சீட்டுக் காலத்தில் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. தமிழ்நாடு முழுக்க இயந்திரத்தில் ஓட்டுப் போட்டது 2001-ல்தான். ஆக, வரகூரைச் சாவடி சாவடியாகப் பிரித்துப் பார்க்க 2001, 2006 என்று இரண்டு சட்டமன்றத் தேர்தல்களே வசதியாகக் கிடைக்கின்றன.

சாவடிக் கணக்கு கையில் இருந்தால் செத்த தொகுதியை எழுப்பலாம். பழைய எல்லைக்குள் வரும் சாவடிகளை மட்டும் கூட்டினால், வரகூர் இருந்திருந்தால் 2011-ல் யாரைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்று சொல்லிவிடலாம். ஆஸ்திரேலியாவில் இது பெரிய கலை. தென் ஆஸ்திரேலிய மாநிலத்தில் 1991 பொதுவாக்கெடுப்புக்குப் பிறகு ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் எல்லையைத் திருத்தி வரைகிறார்கள். தேர்தல் ஆய்வாளர்கள் உடனே சாவடிகளைக் கூட்டி, புதுத் தொகுதி போன தேர்தலில் எப்படி ஓட்டுப் போட்டிருக்கும் என்று கற்பனை முடிவு வெளியிடுவார்கள். அந்த மாநிலத்துக்கு அவ்வளவு அக்கறை வரக் காரணம் உண்டு. 1936 சட்டப்படி அங்கே 39 இடங்களில் 26 கிராமப்புறத்துக்கு, 13 மட்டும் தலைநகர் அடிலெய்டுக்கு. இந்த ஏற்பாட்டின் நிழலில் தாமஸ் பிளேஃபோர்டு 1938 முதல் 1965 வரை மாநில முதல்வராகவே இருந்தார். அந்த ஏற்பாட்டை எதிர்த்துப் போராடிய டான் டன்ஸ்டன் வென்றுவந்த நார்வுட் தொகுதியும் இன்று இல்லை. 2014-ல் அது டன்ஸ்டன் என்று பெயர் மாறிவிட்டது.

தமிழ்நாட்டிலும் ஒரு சாய்வு உண்டு. 2021-ல் சோழிங்கநல்லூரில் ஏழு லட்சத்தை நெருங்கிய வாக்காளர்கள். சென்னைத் துறைமுகத்தில் ஒன்றே முக்கால் லட்சம். சோழிங்கநல்லூர், மதுரவாயல், ஆவடி, மாதவரம் எல்லாம் 2008-ல் முளைத்தவை. 234 என்ற மொத்தம் மாறாததால், அங்கே முளைத்ததற்கு எங்காவது பட்டுப்போகத்தான் வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. சோழிங்கநல்லூர்க்காரரின் ஓட்டும் ஓட்டுதான்.

தொகுதிகள் போனாலும் அரசியல்வாதிகள் போய்விடவில்லை. ஆண்டிமடத்தில் 2001-ல் வென்றவர் பா.ம.க.வின் காடுவெட்டி குரு. 2006-ல் வென்றவர் தி.மு.க.வின் எஸ்.எஸ். சிவசங்கர். ஆண்டிமடம் மறைந்ததும் ஒருவர் ஜெயங்கொண்டத்திலும் மற்றவர் குன்னத்திலும் நின்றார்கள். 2011-ல் அ.தி.மு.க. அணி 203 இடங்களை அள்ளிக்கொண்டு போனது, தி.மு.க. அணிக்கு மாநிலம் முழுக்கக் கிடைத்தது 31. அந்த 31-ல் குன்னமும் ஜெயங்கொண்டமும் இருந்தன! இல்லாமல்போன ஒரு தொகுதியின் கடைசி இரண்டு எம்.எல்.ஏ.க்களும் ஒரே நாளில் இரண்டு தொகுதிகளிலிருந்து சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்கள். வரகூரின் கடைசி எம்.எல்.ஏ. சந்திரகாசியோ, 2014-ல் சிதம்பரம் எம்.பி. ஆனார். 2019-ல் அதே சிதம்பரத்தில் தொல். திருமாவளவன் வெறும் 3,219 ஓட்டில் வென்றார். அவருடைய சொந்த ஊரான அங்கனூர் செந்துறை வட்டத்தில் இருக்கிறது.

2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை மாநிலங்களுக்கான இடங்களைத் தொடக்கூடாது என்று 2001-ல் அரசியல் சாசனத்தைத் திருத்தினார்கள். 1967-ல் 41-லிருந்து 39 நாடாளுமன்ற இடங்களாகக் குறைந்த அனுபவம் தமிழ்நாட்டுக்கு இருப்பதால், அடுத்த மறுவரையறை பற்றிக் கவலையோடு பேசுகிறோம். டெல்லி செய்துவிடுமோ என்று மாநிலம் பயப்படுவதை, மாநிலத்துக்குள்ளேயே 2008-ல் அனுபவித்துவிட்டது இந்த வட்டாரம். மாவட்டங்கள் இப்போது தனித்தனி. 2011 எண்களை 234-க்கு வகுத்துப் பார்த்தால் தொகுதிச் சராசரி 3,08,321. பெரம்பலூரின் 5,65,223 பேருக்கு 1.83; ஆகவே இரண்டு. அரியலூரின் 7,54,894 பேருக்கு 2.45, ஆகவே அதற்கும் இரண்டு. ஐந்தாவது இடம் இந்த முறையும் புள்ளிக்குக் கீழேதான். மொத்தம் 234-ஆகவே நின்றால் ஒன்று மட்டும் மாறலாம்: செந்துறை அரியலூர் பக்கம் திரும்பும், குன்னம் முழுக்கப் பெரம்பலூர் மாவட்டத்துக்குள் அடங்கும்.