பேயும் தீட்டுப் பார்த்த பண்ணை

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஆடம்ஸ் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரை உலகறியச் செய்தது ஒரு பேய்க்கதை. ஜான் பெல் என்னும் நிலவுடைமையாளரின் பண்ணை வீட்டில் 1817 முதல் 1821 வரை ஒரு பேய் குடிகொண்டிருந்தது என்பர். அது சுவரைத் தட்டியது, போர்வையை இழுத்தது, மகள் பெட்சியைக் கன்னத்தில் அறைந்தது, பின்னர் வாய்திறந்து பேசவும் தொடங்கியது. 1820 டிசம்பர் 20 அன்று பெல் இறந்தபோது, நஞ்சூட்டிக் கொன்றது தானே என்று அது கொக்கரித்ததாகவும் கதை கூறும்.

கதை உண்மையா, பொய்யா என்பது நமது வினாவன்று. இக்கதையை விரிவாக எழுதி வெளியிட்டவர் இதழாசிரியர் மார்ட்டின் இங்க்ராம், ஆண்டு 1894. நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்திற்கு எழுபதாண்டுகளுக்கும் பிந்தைய நூல் அது. அதனைச் சான்றாகக் கொள்ள வரலாற்றறிஞர்கள் தயங்குவதில் வியப்பில்லை. நாம் கேட்க விரும்புவது வேறு: அந்தப் பண்ணையில் உழைத்தவர்கள் யார்?

ஜான் பெல் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர். பேய் வந்ததாகக் கூறப்படும் அதே 1817இல், அளவுக்கு மீறி வட்டி வாங்கிய குற்றத்திற்காக நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். 1818 சனவரியில் அவரது திருச்சபையும் அவரை விலக்கியது. அந்த வழக்கிற்குக் காரணமான கொடுக்கல் வாங்கல் எதைப் பற்றியது? பெஞ்சமின் பேட்ஸ் என்பவருடன் நடந்த ஓர் அடிமை விற்பனையைப் பற்றியது. மனிதரை விற்றதைச் சட்டமும் குற்றமாகக் கருதவில்லை, சபையும் பாவமாகக் கருதவில்லை. வட்டிக் கணக்கு மட்டுமே இருவர் கண்ணையும் உறுத்தியது. பேட்ஸ் குடும்பத்துப் பெண்ணான கேட்டின் பெயரையே ஊரார் பேய்க்குச் சூட்டினர் என்பதையும் இங்கே சேர்த்துக் காண வேண்டும். விற்கப்பட்டவர் யார், அவர் என்ன ஆனார் என்பதைக் கதை ஒருபோதும் சொல்வதில்லை.

அடிமைகள் கதையில் அறவே இல்லாமலும் இல்லை. டீன் என்னும் அடிமை இரவில் இருதலைக் கருநாயைக் கண்டதாகவும், பேய் தன்னைக் கோவேறு கழுதையாக மாற்றியதாகவும் சொன்னவையெல்லாம் நூலில் நகைச்சுவைக்கென இடம்பெறுகின்றன. எசமானர் அஞ்சினால் அது மர்மம். அடிமை அஞ்சினால் வேடிக்கை. இதனினும் கொடியது இன்னொரு பகுதி. அடிமைப் பெண் ஒருத்தியை எசமானியின் கட்டிலுக்கு அடியில் உறங்கச் செய்கின்றனர். பேய் அவள் மீது அருவருப்புற்று, காறி உமிழ்ந்து விரட்டுகிறது. உடலற்ற ஆவியும் நிறம் பார்க்கிறது! தீட்டு என்பதை நாள்தோறும் அறிந்த நமக்கு இதனை விளங்கிக்கொள்ள உரை தேவையில்லை. படைத்தவரின் மனமே பேயின் மனமாகிறது.

இதை நமது மண்ணோடு ஒப்பிடுவது தகும். ஜோதிராவ் புலே 1873இல் தம் 'குலாம்கிரி' நூலை அடிமை ஒழிப்பிற்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946இல் டுபாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒப்பீட்டில் ஒரு வேறுபாடும் புலப்படுகிறது. ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுவேறிய காத்தவராயனும், சக்கிலியர் வீட்டில் வளர்ந்து மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரனும் கொல்லப்பட்டவர்கள். மக்கள் அவர்களைத் தெய்வமாக்கினர். கதைப்பாடலும் கூத்தும் கொலையின் காரணத்தை மறவாது சுமந்து வந்தன. பிறப்பை உயர்குலத்தோடு ஒட்டவைக்கும் திருத்தங்கள் அவற்றிலும் நுழைந்தன என்பது வேறு. எனினும் யார் வெட்டுண்டார் என்பது அழியவில்லை. பெல் பண்ணைக் கதையிலோ பாதிக்கப்பட்டவர் எசமானர். இரக்கம் முழுவதும் அவர் வீட்டிற்கே.

இன்று ஆடம்சுக்குச் செல்வோர் கட்டணம் செலுத்திப் 'பேய்க் குகை'யைக் காணலாம். நெடுஞ்சாலை ஓரத்தில் அரசின் வரலாற்றுப் பலகையும் நிற்கிறது. ஜான் பெல்லை வட கரோலைனாவிலிருந்து வந்த மதிப்பிற்குரிய முன்னோடிக் குடியேறி என்கிறது அது. பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆண்ட்ரூ ஜாக்சன் பேயை ஆராய வந்து பின்வாங்கினார் என்றும் எழுதியிருக்கிறது. அதற்கு அக்காலத்துச் சான்று எதுவும் கிட்டவில்லை. ஜாக்சனும் நாஷ்வில் அருகே அடிமைகளைக் கொண்டு பண்ணை நடத்தியவரே. பலகையில் அவருக்கு இடம் உண்டு. டீனுக்கு இல்லை.